பஷீரா வழக்கும் சட்ட உதவியின் தரமும்

இந்தியாவில் இலவச சட்ட உதவியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் நீதிபதி பி.என். பகவதி வகுத்த வழியிலேயே செல்கிறார்கள். 1976இன் 42ஆம் திருத்தம் அரசமைப்பில் இலவச சட்ட உதவிக்கான 39அ பிரிவைச் சேர்த்தது. 1978இல் மேனகா காந்தி வழக்கு, உயிரையும் தனிமனித சுதந்திரத்தையும் பறிக்கும் நடைமுறை நியாயமானதாக இருக்க வேண்டும் என்று 21ஆம் பிரிவுக்குப் பொருள் சொன்னது. 1979இல் ஹுசைனாரா காத்தூன் வழக்கில் பகவதி இரண்டையும் இணைத்து, ஏழைக்கு அரசு செலவில் வழக்கறிஞர் கிடைப்பது அடிப்படை உரிமை என்றார். இந்த வரிசைப்படி தரம் பின்னால் வந்த கவலை. முதலில் வழக்கறிஞர் கிடைக்கட்டும், அவர் எப்படி வாதாடுகிறார் என்பதைப் பிறகு பார்ப்போம் என்பதே அதன் உட்கிடை. வரிசை நேர்மாறானது என்று கருதுகிறேன்.

பகவதியின் முன்னிருந்தவர்கள், செய்ததாகச் சொல்லப்பட்ட குற்றத்துக்குரிய தண்டனைக் காலத்தைவிட நீண்ட நாள் பீகார் சிறைகளில் கிடந்த விசாரணைக் கைதிகள். அவர்களைப் பொறுத்தவரை வழக்கறிஞர் உண்டா இல்லையா என்பதே சரியான கேள்வி. 1981இன் காத்ரி வழக்கும் 1986இன் சுக் தாஸ் வழக்கும் அதே கேள்வியைத்தான் தொடர்ந்தன. அந்தச் சூழலுக்குரிய கேள்வியை முழு வரலாற்றுக்குமான தொடக்கமாக்கியதில்தான் பிழை நேர்ந்தது.

1968இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த பஷீரா எதிர் உத்தரப் பிரதேச அரசு வழக்கைப் பார்ப்போம். கொலைக் குற்றச்சாட்டு, மரண தண்டனை. பஷீராவுக்கு வழக்கறிஞர் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. செஷன்ஸ் நீதிமன்றமே ஒருவரை அமர்த்தியிருந்தது. ஆனால் விசாரணை தொடங்கிய அன்றுதான் அமர்த்தியது. அரசுத் தரப்பின் முக்கிய சாட்சிகளும் அன்றே விசாரிக்கப்பட்டார்கள். மரண தண்டனைக்குரிய வழக்கில் இப்படி அமர்த்தப்படுபவருக்கு வழக்குத் தாள்களின் நகலும் ஆயத்தம் செய்யப் போதிய அவகாசமும் தர வேண்டும் என்று அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் 1957ஆம் ஆண்டுக் குற்றவியல் பொது விதிகளில் 37ஆம் விதி சொன்னது. அவ்விதி கட்டாயமானது, அதை மீறியது 21ஆம் பிரிவை மீறியதாகும் என்று கூறி உச்ச நீதிமன்றம் மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. அரசு செலவில் வழக்கறிஞர் பெறுவது அடிப்படை உரிமை என்று அறிவிக்கப்படுவதற்குப் பதினோரு ஆண்டுகள் முன்பே, அமர்த்தப்பட்டவர் செய்த வேலைக்குப் பயன் உண்டா என்ற கேள்வி 21ஆம் பிரிவுக்குள் வந்துவிட்டது.

இதற்கு வலுவான மறுப்பு உண்டு. பஷீரா ஓர் உயர் நீதிமன்றத்தின் விதியைச் சார்ந்த தீர்ப்பு; அன்று 21ஆம் பிரிவு, சட்டம் வகுத்த நடைமுறையைக் கடைப்பிடித்தால் போதும் என்றே வாசிக்கப்பட்டது; விதி இல்லாவிட்டால் பஷீராவுக்குப் பரிகாரமும் இருந்திருக்காது. உண்மைதான். ஆனால் அந்த விதியைக் கட்டாயமானது என்று கொள்ள வேண்டிய அவசியம் என்ன? வழக்கறிஞர் பெயரளவில் நின்றாலே போதும் என்று நீதிமன்றம் நினைத்திருந்தால், அவகாசம் தராததை மன்னிக்கத்தக்க குறையாகத் தள்ளிவிட்டிருக்கலாம். அப்படிச் செய்யாமல் ஒரு மரண தண்டனையையே நீக்கியது. மேலும், 1974இல் குஜராத்திலிருந்து வந்த ரஞ்சோட் மாதுர் வசாவா வழக்கில் அலகாபாத் விதிக்கு இடமே இல்லை. அங்கே நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், திறமையானவர்களை அமர்த்த வேண்டும், புதிதாகத் தொழிலுக்கு வந்தவர்களுக்குச் செய்யும் சலுகையாக இது இருக்கக் கூடாது, போதிய நேரமும் முழுமையான தாள்களும் தர வேண்டும் என்றார்.

தரம் பற்றிய கவலைக்கு 1968ஐத் தொடக்கமாகக் கொள்வதா, விதிகள் வந்த 1957ஐயா, பொதுக் கொள்கையாகவே அது பேசப்பட்ட 1974ஐயா என்பதில் முடிவான விடை சொல்லத் தயங்குகிறேன். 39அ பிரிவுக்கு முந்தையது என்பதில் மட்டும் ஐயமில்லை.

பின்னால் வந்தவை அளவுகோலை மாற்றின. சட்டப் பணிகள் ஆணையங்களுக்கான 1987ஆம் ஆண்டுச் சட்டம் 1995 நவம்பர் 9இல்தான் நடைமுறைக்கு வந்தது. 2010இன் சட்ட உதவி ஒழுங்குமுறைகள், உதவிப் பட்டியலில் உள்ள குழு வழக்கறிஞருக்குச் சாதாரணமாக மூன்றாண்டுத் தொழில் அனுபவம் கேட்டன. 2022இன் சட்ட உதவி எதிர்வாதத் திட்டம் தலைமை வழக்கறிஞருக்குப் பத்தாண்டு அனுபவத்தையும் செஷன்ஸ் நீதிமன்றத்தில் குறைந்தது 30 குற்ற வழக்குகளை நடத்தியிருப்பதையும் கேட்கிறது. தாளும் நேரமும் தரத்தின் அளவாக இருந்த இடத்தில் ஆளின் அனுபவ ஆண்டுகளும் வழக்கு எண்ணிக்கையும் வந்து அமர்ந்தன.

2019இன் அனோகிலால் தீர்ப்பில் இரண்டும் சந்திக்கின்றன. மத்தியப் பிரதேசத்தின் கண்ட்வாவில் 2013 பிப்ரவரி 19 அன்று வழக்கறிஞர் அமர்த்தப்பட்டார், அன்றே குற்றச்சாட்டும் வனையப்பட்டது, இரண்டு வாரத்துக்குள் மரண தண்டனை விதிக்கப்பட்டது. பஷீராவுக்கு நேர்ந்ததே ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து இங்கும் நேர்ந்தது. ஆயுள், மரண தண்டனை வழக்குகளில் பத்தாண்டு அனுபவமுள்ளவரை அமர்த்துக, ஆயத்தத்துக்குக் குறைந்தது ஏழு நாள் தருக என்று உச்ச நீதிமன்றம் கூறி மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. ஏழு நாள் பஷீரா வழி வந்தது. அந்த ஏழு நாள் இல்லாவிட்டால் பத்தாண்டு அனுபவம் கைதிக்கு உதவாது; காலையில் கேஸ் கட்டை வாங்கி மாலைக்குள் குறுக்கு விசாரணை முடிக்கும் மூத்தவரும் அங்கே புதியவர் போலத்தான்.

ஆகவே சட்ட உதவியின் மதிப்பை அளக்க விரும்புவோர், வழக்கறிஞர் அமர்த்தப்பட்ட நாள், தாள்கள் அவர் கைக்கு வந்த நாள், முதல் சாட்சி விசாரிக்கப்பட்ட நாள் ஆகிய மூன்றையும் வழக்கு ஆவணங்களிலிருந்து எடுத்து ஒப்பிட வேண்டும். பயனாளிகளின் எண்ணிக்கையை மட்டும் கூட்டிக் காட்டும் ஆண்டறிக்கை, பஷீராவையும் உதவி பெற்றவர்களில் ஒருவராகவே கணக்கிட்டிருக்கும்.