துரு தின்ற கைத்துப்பாக்கி

1780-ஆம் ஆண்டு ஆகஸ்டு 17-ஆம் நாள் காலை. கல்கத்தாவை அடுத்த அலிப்பூரில், கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸும் அவருடைய ஆலோசனைச் சபை உறுப்பினரான பிலிப் பிரான்சிஸும் பதினான்கு தப்படி தூரத்தில் எதிரெதிராக நின்றார்கள். இருவர் கையிலும் கைத்துப்பாக்கி. பிரான்சிஸ் விசையை இழுத்தார், துப்பாக்கி வெடிக்கவில்லை. மருந்தில் ஈரம் ஏறியிருந்தது. ஹேஸ்டிங்ஸ் கையைத் தாழ்த்திக்கொண்டு பொறுத்திருந்தார். அவருக்குத் துணையாக வந்த கர்னல் பியர்ஸே எதிரிக்கு உலர்ந்த மருந்து கொடுத்து உதவினார். அதன் பின்னர்தான் இருவரும் சுட்டார்கள். பிரான்சிஸ் விலாவில் குண்டு பாய்ந்து வீழ்ந்தார்; உயிர் தப்பினார். அவரைத் தூக்கிச் சென்ற பெல்வடேர் மாளிகை பிற்காலத்தில் தேசிய நூலகத்தின் இல்லமாயிற்று. கல்கத்தாவில் வாழும் நம்மவருள் அதன் படிகளில் ஏறி இறங்காதவர் சிலரே இருப்பர்.

வங்காளத்து மழைக்காலம் ஒரு கவர்னர் ஜெனரலின் சண்டையையே சற்று நேரம் நிறுத்தி வைத்தது என்றால், அக்காலத் துப்பாக்கிகளின் இரும்பை அது என்ன பாடு படுத்தியிருக்கும் என்று நாம் எண்ணிப் பார்க்கலாம். பாட்டன் காலத்துப் பெட்டியிலிருந்தோ, பழைய சாமான் கடையிலிருந்தோ, கிணறு தூர் வாரும்போதோ அவ்வப்போது ஒரு கைத்துப்பாக்கி வெளிப்படுகிறது. பார்த்தால் செம்மண் கட்டி போல இருக்கும். அதைக் கண்டவர் கேட்கும் முதற்கேள்வி ஒன்றே: இதை மறுபடி சுட வைக்க முடியுமா?

அக் கேள்விக்கு விடை காணுமுன் அக் கருவியின் அமைப்பைச் சிறிது அறிந்துகொள்வோம். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சு நாட்டில் உருப்பெற்ற சக்கிமுக்கித் துப்பாக்கி இரு நூறு ஆண்டுகளுக்கு மேல் உலகை ஆண்டது. 'குதிரை' எனப்படும் உறுப்பு ஒரு சக்கிமுக்கிக் கல்லைக் கவ்விக்கொண்டிருக்கும். விசையை இழுத்ததும் உள்ளே வளைந்து கிடக்கும் வில் அக் குதிரையைத் தள்ள, கல் ஓர் எஃகுத் தகட்டில் உராய்ந்து பொறி பறக்கும். பொறி கிண்ணியிலுள்ள மருந்தைப் பற்றவைக்கும்; அத் தீ ஒரு சிறு துளை வழியே குழலுக்குள் புகும். ஆகவே ஒரே கருவியில் மூவகை இரும்பு உண்டு. குழல் மென்மையான தேனிரும்பு. வில் பதம் ஏற்றிய எஃகு. பொறி தரும் தகட்டுக்கு மேல்தோல் மட்டும் கடினம். இம் மூன்றும் ஒரே விதமாகத் துருப்பிடிப்பதில்லை; ஒரே மருந்தும் இவற்றுக்குப் பொருந்தாது.

டில்லியில் வாழும் நேயர்கள் இங்கே ஓர் ஐயம் எழுப்பலாம். குதுப்மினார் அருகே நிற்கும் இரும்புத் தூண் ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளாக மழையிலும் வெயிலிலும் நிற்கிறதே, இந்த இரு நூறு ஆண்டுத் துப்பாக்கிக்கு மட்டும் ஏன் இக் கதி? கான்பூர் ஐ.ஐ.டி.யில் பணிபுரிந்த பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம் அத் தூணை நெடுநாள் ஆராய்ந்தவர். தூணின் இரும்பில் பாஸ்பரஸ் மிகுதி. அதனால் அதன்மேல் மெல்லிய காப்புப் படலம் ஒன்று படிந்துவிட்டது என்று அவர் விளக்கினார். துப்பாக்கிக்கு அந்தப் பேறு இல்லை. அதற்கு மேலும் ஒரு கேடு உண்டு. கரிமருந்து எரிந்தபின் குழலில் தங்கும் உப்புக் கசடு காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். சுட்டுவிட்டுக் கழுவாமல் வைத்த துப்பாக்கி தன் அழிவைத் தன் வயிற்றிலேயே வளர்க்கிறது. கடற்கரை ஊர்களில் காற்றோடு வரும் உப்பும் சேர்ந்துகொண்டால் சொல்ல வேண்டியதில்லை. மேலே துருவைச் சுரண்டி எடுத்தாலும், இரும்பின் குழிகளுக்குள் பதுங்கிய குளோரைடு உப்பு அடுத்த மழைக்காலத்தில் மஞ்சள் வியர்வையாகக் கசியும்.

முன்னாளில் இத்தகைய இரும்பு கொல்லனிடம் போகும். அவன் உலையில் இட்டுக் காய்ச்சித் தட்டினால் துரு செதில் செதிலாக உதிரும். அதனுடன் வில்லின் பதமும் போகும். குழலை எவ்விதம் சுற்றிப் பற்றவைத்தார்கள் என்பதைக் கூறும் உள்ளமைப்பும் மாறிவிடும். அமிலத்தில் ஊறவைப்பதும் ஒரு வழக்கம். வீட்டில் பித்தளைக்குப் புளி இட்டுத் துலக்கும் நம் பெண்டிரின் முறை பித்தளைக்கு நல்லது. குழிகள் விழுந்த பழைய இரும்புக்கு அன்று. புளிப்பு துருவோடு நல்ல இரும்பையும் தின்னும்.

பழம்பொருளின் துருவை நீக்குவது சாஸ்திரமாக வளர்ந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில்தான். 1888-இல் பெர்லின் அருங்காட்சியகங்கள் பிரீட்ரிக் ராத்கென் என்ற ரசாயனியை அமர்த்திக்கொண்டன. லண்டனில் அந்த ஞானம் வந்த விதம் வேடிக்கையானது. முதல் உலகப் போரில் வான்வெடிகளுக்கு அஞ்சிப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தார் தம் செல்வங்களைச் சுரங்கப் பாதைகளில் ஒளித்து வைத்தனர். போர் முடிந்து வெளியே எடுத்தபோது அவற்றுட் பல ஈரத்தால் கெட்டிருந்தன. குண்டுக்குத் தப்பியது துருவுக்குத் தப்பவில்லை. 1920-இல் டாக்டர் அலெக்ஸாண்டர் ஸ்காட்டின் பொறுப்பில் அங்கே ஆராய்ச்சிக் கூடம் எழுந்தது.

நம் நாட்டில் சென்னை அருங்காட்சியகம் இதில் முந்திக்கொண்டது என்பதைப் பெருமையுடன் கூறலாம். 1930-இல் அங்கே ரசாயனக் கூடம் தொடங்கிற்று, டாக்டர் எஸ். பரமசிவன், பச்சைக் களிம்பேறிய செப்புப் படிமங்களை மின்பகுப்பு முறையால் மீட்டார். அதே அருங்காட்சியகத்தில் தஞ்சை அரண்மனையிலிருந்தும் புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்தும் வந்த பழைய ஆயுதங்களும் இருக்கின்றன.

மின்பகுப்பு இரும்புக்கும் ஏற்றதே. பொருளைச் சலவைச் சோடாக் கரைசலில் அமிழ்த்தி மின்கலத்தின் எதிர்முனையோடு இணைப்பார்கள். ஒரு பழைய இரும்புத் தகடு நேர்முனையில் நிற்கும். மெல்லிய மின்னோட்டம் பல மணி நேரம், சில சமயம் பல நாள் ஓடும். துரு இளகி உதிரும். உப்பும் கரைசலுக்குள் இறங்கும். வில்களை மட்டும் இதில் இடுவதில்லை. அப்போது பிறக்கும் ஹைட்ரஜன் பதமேறிய எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கச் செய்யக்கூடும். மரப்பிடியையும் முன்னரே கழற்றிவிட வேண்டும். கழற்றுவது என்று எளிதில் சொல்லிவிட்டோம். ஒரு திருகாணியை அசைக்க எண்ணெய் விட்டு ஒரு வாரம் காத்திருந்தவர்கள் உண்டு.

இவை எல்லாவற்றுக்கும் முந்திய காரியம் ஒன்று இருக்கிறது. துப்பாக்கிக்குள் மருந்தும் குண்டும் இன்னும் இருக்கின்றனவா என்று பார்ப்பது. மரக்கோலைக் குழலுக்குள் செலுத்தி வாயருகே அடையாளம் இட வேண்டும். அக் கோலை வெளியே எடுத்துக் குழலின் மேல் வைத்துப் பார்த்தால், அதன் நுனி தீத்துளை வரை எட்டாமல் நின்றுவிடுமாயின் உள்ளே ஏதோ அடைந்து கிடக்கிறது என்று பொருள். நூறாண்டு கடந்த கரிமருந்தும் உலர்ந்திருந்தால் வெடிக்கும். அந்நிலையில் கை எடுத்துவிட்டுக் காவல் துறைக்குச் சொல்வதே செய்யத்தக்கது.

துரு நீங்கியபின் கறுத்த இரும்பின் மேல் டானிக் அமிலம் பூசுவார்கள். நம் முன்னோர் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து எழுதும் மை காய்ச்சிய அதே ரசாயனந்தான் இது. கடுக்காயின் துவர்ப்பு இரும்போடு கூடிக் கருநீலமாகப் படிகிறது. அதன் மேல் மெழுகு. அத்துடன் துருவின் கதை முடிந்தது.

இனி முதற்கேள்விக்கு வருவோம். சுட வைக்க முடியுமா? உடைந்த வில்லுக்குப் புது வில் அடிக்கலாம். தேய்ந்த திருகாணிக்குப் புதியது கடையலாம். குழலை மெருகேற்றிக் கண்ணாடி போலாக்கலாம். ஆனால் கம்பெனித் துப்பாக்கியின் பூட்டுத் தகட்டில் இதய வடிவில் ஒரு முத்திரை இருக்கும். நான்காகப் பகுத்த அந்த இதயத்தில் கம்பெனிப் பெயரின் நான்கு ஆங்கில எழுத்துகள். பலவற்றில் ஆண்டும் உண்டு. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் கொல்லர்கள் செய்தவற்றில் புலி முத்திரை. ஒரு மயிரிழை ஆழமே உள்ள இக் குறிகளை உப்புத்தாள் அரை மணியில் தின்றுவிடும். இரு நூறு ஆண்டுத் துரு விட்டுவைத்ததை அரை மணி மெருகு அழிப்பது நாம் காணாத காட்சி அன்று.

வேறொரு சிக்கலும் உண்டு. 1840-ஐ ஒட்டிச் சக்கிமுக்கி வழக்கொழிந்து, வெடிமூடி இட்டுச் சுடும் முறை வந்தது. பழைய துப்பாக்கிகள் பல அப்போது புது முறைக்கு மாற்றப்பட்டன. அவற்றை மீண்டும் சக்கிமுக்கியாக்கி அதிக விலைக்கு விற்பவர் இருக்கிறார்கள். பொருள் அழகாக இருக்கும். ஒரு படைவீரன் அதை இரு காலங்களில் இரு விதமாகப் பயன்படுத்திய செய்தி மட்டும் அதில் இராது.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு, பழம்பாணியிலான அல்லது பழுதுற்ற ஆயுதத்துக்கு விலக்கு அளிப்பது, பழுது பார்த்தாலும் சுட இயலாத நிலையில் அது இருந்தால்தான். பரணில் துருவோடு கிடந்தவரை விலக்குக்கு உரியதாக இருந்த பொருள், நம் ஆர்வத்தினாலேயே உரிமம் கேட்கும் ஆயுதமாகிவிடலாம். பழுது பார்க்கும் தொழிலுக்கும் உரிமம் வேண்டும். பொருளைத் தொடுமுன் மாவட்ட அதிகாரியைக் கேட்டுக்கொள்வது நலம். குழிகள் அரித்த குழல் மருந்தின் அழுத்தத்தைத் தாங்குமா என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்லிவிட முடியாது. சுட்டவன் கையே அதைச் சொல்லும்.

பழைய ஆயுதங்களைப் பேணுவோர் சிலர் ஒரு நடுவழி வைத்திருக்கிறார்கள். பூட்டு இயங்கும், குழலுக்குள் மருந்து போகாது. புதிதாகச் செய்த வில்லின் உட்புறத்தில் செய்த ஆண்டைப் பொறித்துவிடுவார்கள். உடைந்த பழைய வில்லைக் காகிதத்தில் சுற்றி அதே பெட்டியில் வைப்பார்கள். குதிரையின் வாயில் கல்லுக்குப் பதிலாகச் சிறு மரத்துண்டு கவ்வியிருக்கும். விசையை இழுத்தால் குதிரை விழும். 'டக்' என்ற ஓசை கேட்கும். பொறி வராது.