செவிக்கு ஒரு திரை

அண்மையில் போடிநாயக்கனூரிலிருந்து குரங்கணிக்குச் செல்லும் பேருந்தில் பயணம் செய்தோம். முதியவர் ஒருவர் பக்கத்து இளைஞரிடம், "தம்பி, முந்தல் தாண்டியாச்சா?" என்று இருமுறை வினவினார். விடை வரவில்லை. இளைஞரின் காதுகளை ஹெட்போன் மூடியிருந்தது. "பாவம், காது கேக்காது போல" என்றார் முதியவர். அது செவிடும் அன்று, அலட்சியமும் அன்று. அந்நிலையைச் சுட்ட ஒரு சொல் நம்மிடம் இல்லை.

ஹெட்போன் பழைய கருவியே. 1910ஆம் ஆண்டளவில் நத்தானியேல் பால்ட்வின் தம் வீட்டிலேயே செய்தவற்றை அமெரிக்கக் கடற்படை வாங்கிற்று. 1924இல் சென்னையில் வானொலிக் கழகம் ஒலிபரப்பத் தொடங்கிய காலத்தில், மின்சாரம் வேண்டாத படிகக் கருவிகளைக் காதில் குழை பொருத்தியே கேட்க முடிந்தது. ஒலி அத்துணை மெலிது. அன்று காதை மூடியது உலகைக் கேட்பதற்காக!

பின்னர் ஒலிபெருக்கி வந்தது. 1939 மே 16இல் திருச்சி நிலையம் தோன்றியது. ஊர்ப் பூங்காக்களில் மக்கள் கூடியிருந்து கேட்டனர். 1916இலேயே இராஜாஜி முதலியோர் அறிவியற் சொல்லாக்கத்துக்கெனச் சங்கம் கண்டிருந்த நாடல்லவா இது? வானொலி, ஒலிபரப்பு, ஒலிபெருக்கி என்னும் சொற்கள் நிலைத்தன. அவையாவும் பலர் கூடிக் கேட்டதன் சொற்கள்.

1979இல் ஜப்பானின் சோனி நிறுவனம் வாக்மன் கருவியை வெளியிட்டது. தனித்துக் கேட்பது பண்பாகுமோ என்னும் ஐயம் அதன் தலைவர் மொரிட்டாவுக்கே இருந்தது. எனவே முதற்கருவியில் இருவர் கேட்க இரு துளைகளும், இடையே உரையாட ஒரு பொத்தானும் அமைத்தனர். பின்வந்தவற்றில் அப்பொத்தான் மறைந்தது. வங்கத் தந்தையின் மகனான அமர் போஸ், 1978இல் விமானத்தில் செல்கையில், இரைச்சல் அலைக்கு எதிரலை எழுப்பி அதனை அழிக்கும் எண்ணத்தைக் கொண்டார். இன்று அக்கருவி கைக்கெட்டும் பொருளாகிவிட்டது. கருவி வளர்ந்தது, செயலுக்குப் பெயர் பிறக்கவில்லை.

சொல் எங்கே பிறக்கிறது? குரங்கணி மலையைப் பாருங்கள். மூணாற்றுத் தேயிலை ஒருகாலத்தில் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கிற்று. மேலே குண்டளைப் பள்ளத்தாக்கின் இரயில் 1924ஆம் ஆண்டு வெள்ளத்தில் அழிந்தது, கம்பிவடமும் மறைந்தது. ஆயினும் டாப் ஸ்டேஷன், சென்ட்ரல் ஸ்டேஷன் என்னும் பெயர்களை மலைமக்கள் இன்றும் வழங்குகின்றனர். புழங்கியவர் வாயில் சொல் நின்றது.

நம் முன்னோரும் அவ்வாறே செய்தனர். வடபுலத்தார் நமாஸ், ரோஸா என்று பாரசீகச் சொற்களை ஏற்றபோது, தமிழ் முஸ்லிம்கள் தொழுகை, நோன்பு என்றனர். பழந்தமிழ்ச் சொல்லுக்குப் புதுப்பொருள் ஊட்டினர். குழு கூடிச் செய்ததன்று, நாள்தோறும் சொல்லிச் செய்தது.

'காதடைத்தல்' பொருந்துமோ எனின், பசியிலும் மலையேற்றத்திலும் காதடைக்கிறது. அது நம் விருப்பத்தால் நிகழ்வதன்று. நாம் 'ஒலித்திரை' என்போம். திரையை நாமே இடுகிறோம். அழைப்பவர் வந்தால் நாமே விலக்கலாம். "அவர் ஒலித்திரையில் இருக்கிறார்" எனின் குறையுமில்லை, ஊனமுமில்லை. பேருந்தின் இரைச்சலில் அலுத்தவருக்கு அத்திரை உரிமையே. ஆனால் யானை மூங்கிலை ஒடிக்கும் ஓசையே எச்சரிக்கையாகும் மலைச்சரிவில், "திரையை விலக்கு தம்பி" என்று சொல்லவும் ஒரு சொல் வேண்டுமல்லவா?

கேள்விக்குத் தனி அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். கேளாதிருத்தலுக்குப் பெயர் சூட்டுவது அவர் வழிக்கு மாறன்று. பெயரிட்ட பின்னரே ஒன்றை அளவோடு நிறுத்த இயலும். இதனினும் சிறந்த சொல் குரங்கணிப் பேருந்தில் எவர் வாயிலேனும் பிறக்குமாயின், நம் சொல்லைக் கைவிட்டு அதனையே ஏற்போம்.