சின்னாயா போட்ட கையெழுத்து



ஆகஸ்ட் 16 அன்று புதுச்சேரிக்கு மட்டும் ஏன் விடுமுறை என்று பக்கத்து பிளாக்கில் இருக்கும் கல்லூரி மாணவி ஒருவர் கேட்டார். "சுதந்திர தினம் நேற்றே முடிந்துவிட்டதே, அங்கிள்?" என்றார். அதற்குப் பதிலை என் சின்னாயாவை வைத்துத்தான் என்னால் சொல்ல முடியும். சின்னாயா என்றால் என் அப்பாவைப் பெற்ற ஆயாவின் தங்கை. வெளியூரிலிருந்து இங்கே வந்து குடியேறியவர்களுக்காக இந்த விளக்கம்.

சின்னாயா பிறந்தது 1926-ல். கணவர் பிரெஞ்சுப் படையில் சிப்பாய். நம் ஊர் வழக்கில் 'சொல்தா'. அந்தக் காலத்தில் புதுச்சேரி, காரைக்காலிலிருந்து சைகோன் போய் உத்தியோகம் பார்த்தவர்கள் நிறைய. 1953-ல் இந்தோசீனப் போரில் அவர் இறந்துபோனார். சின்னாயாவுக்கு அப்போது 27 வயது, கையில் மூன்று வயதுப் பையன். விதவைப் பென்ஷன் வந்தது. அதை வைத்துத்தான் குடும்பம் நடந்தது.

அடுத்த ஆண்டே ஊர் மாறியது. 1954 அக்டோபர் 18-ல் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைய வேண்டும் என்றார்கள். 8 பேர் வேண்டாம் என்றார்கள். நவம்பர் 1-ல் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. ஆனால் சட்டப்படி நாம் பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருந்தோம். 1956 மே 28-ல் டெல்லியில் கையெழுத்தான ஒப்பந்தத்துக்கு, அல்ஜீரியப் போர் ஓய்ந்த பிறகே பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் தந்தது. அது நடைமுறைக்கு வந்த நாள்தான் 1962 ஆகஸ்ட் 16. அந்தப் பெண்ணின் கேள்விக்குப் பதில் இதுதான்.

அன்றைக்கு இங்கே பிறந்து இங்கேயே வசித்தவர்கள் இந்தியக் குடிமக்களானார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்பா இல்லாத வீட்டில் அம்மா எடுக்கும் முடிவு, 18 வயது நிரம்பாத, மணமாகாத பிள்ளைகளையும் கட்டுப்படுத்தும். சின்னாயாவின் மகனுக்கு அப்போது 12 வயது.

வீட்டில் பெரிய சண்டை. என் தாத்தா மில் தொழிலாளி. 1936 ஜூலை 30-ல் பிரெஞ்சுப் போலீஸ் சுட்டு 12 தொழிலாளர்கள் மாண்டார்களே, அன்று உயிர் தப்பி வந்தவர். "அவன் நம்மாளுங்களைச் சுட்டான். நீ அவன் ஊர்க்காரியா ஆகப்போறியா?" என்று சத்தம் போட்டாராம். சின்னாயா சொன்னது இரண்டே வாக்கியம்: "என் வூட்டுக்காரரு அவங்களுக்காகச் செத்தாரு. அந்தக் கடன் என் புள்ளைக்கு வரணும் மாமா."

கெடு முடிய ஒரு மாதம் இருக்கும்போது, 1963 ஜனவரியில், எழுதிக் கொடுத்துவிட்டார். அதன்பின் இரண்டு வருஷம் தாத்தா கொழுந்தியா வீட்டு வாசலை மிதிக்கவில்லை. ஆனால் ஞாயிறு தவறாமல் சின்னாயா வீட்டு மீன் குழம்பு எங்கள் வீட்டுக்கு வந்தது. தாத்தாவும் கேள்வி கேட்காமல் சாப்பிட்டார். என் அத்தை கல்யாணத்தில்தான் மறுபடி பேச்சு வந்தது.

சித்தப்பா 1968-ல் பிரான்சுக்குப் போனார். அங்கேயே வேலை, குடும்பம். சின்னாயா போகவில்லை. "குளிரு ஊர்ல எனக்கென்ன வேலை?" என்பார். சொந்தத் தெருவில் வெளிநாட்டுக்காரராக வாழ்ந்தார். நம் சட்டசபைத் தேர்தலில் அவருக்கு ஓட்டு கிடையாது. பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் தேர்தல் வந்தால் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போய் ஓட்டுப் போட்டு வருவார்; யாருக்கு என்று சொல்ல மாட்டார். ஜூலை 14-ல் கடற்கரைச் சாலைப் போர் நினைவுச் சின்னத்தில் மலர்வளையம் வைக்கும்போது ஓரமாக நிற்பார். ஆகஸ்ட் 15-ல் தெருப் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுப்பார்.

நான் வங்கியில் எழுத்தராக இருந்ததால், காகிதம் என்றாலே என்னைத்தான் கூப்பிடுவார். வருடா வருடம் அவருடைய உயிர்வாழ் சான்றை நிரப்பிக் கொடுத்தவன் நான். பிறந்த தேதி, கணவர் பெயர், முகவரி எல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனால் அந்த ஆறு மாதம் எப்படி இருந்தது, பிள்ளை தன்னை விட்டுப் போய்விடுவான் என்று தெரிந்துதான் எழுதிக் கொடுத்தாரா என்று ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை. இங்கே எழுதியதெல்லாம் அம்மா சொல்லிக் கேட்டது.

2009-ல் சின்னாயா காலமானார். தகரப் பெட்டியில் அந்த விண்ணப்பத்தின் நகல் இருந்தது. குண்டூசி துருப்பிடித்து மூலையில் கறை. வாசகம் முழுவதும் பிரெஞ்சு. கீழே கையெழுத்து மட்டும் தமிழில்.

அன்று 20 வயதாக இருந்தவர்களுக்கு இன்று 80 தாண்டியிருக்கும். நம் குடியிருப்பிலேயே அப்படிச் சிலர் இருக்கிறார்கள். எழுதிக் கொடுத்தவர்களும் உண்டு, மாட்டேன் என்றவர்களும் உண்டு. இந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பக்கத்தில் கொஞ்சம் உட்கார்ந்து கேளுங்கள். கேட்டதை எழுதி அனுப்பினால் அடுத்த இதழில் போடலாம். எழுத வராதவர்கள் என்னைக் கூப்பிடுங்கள். எழுதித் தர நான் வருகிறேன்.