அயல் ஏன் வாய் திறக்கவில்லை? 'பிரதர்லெஸ் நைட்' நாவலை முன்வைத்து

கொஞ்சம் நீளமான பதிவு, நேரம் கிடைக்கும்போது முழுக்க வாசியுங்கள்.

ஒவ்வொரு வருடமும் ஒக்டோபர் 30 வந்தால் சோனகதெருவில் ஒரு கேள்வி எழும்பும். 1990இல் ஒலிபெருக்கியில் அறிவித்து, ஜின்னா மைதானத்துக்குக் கூப்பிட்டு, இரண்டு மணித்தியாலம் தந்து எங்களை அனுப்பினார்கள். வடக்கு முழுவதிலும் இருந்து ஏறத்தாழ 75,000 பேர். "கூடப் படிச்சவங்கள், கூட விளையாடினவங்கள், ஒருத்தரும் ஏன் வாய் திறக்கேல்ல?" புத்தளத்தில் வளர்ந்த எங்கட பிள்ளைகளும் இதைத்தான் கேட்கிறார்கள்.

இந்தக் கேள்வியோடு வி. வி. கணேசானந்தன் எழுதிய 'பிரதர்லெஸ் நைட்' என்ற ஆங்கில நாவலை வாசியுங்கள் என்கிறேன். 2023இல் வந்தது. அடுத்த வருடம் பெண்களுக்கான புனைகதைப் பரிசு கிடைத்தது. எழுதியவர் யாழ்ப்பாண வேர் கொண்ட அமெரிக்கப் பெண்.

கதை 1981இல், யாழ்ப்பாணத்தில் தொடங்குகிறது. சசி என்ற பதினாறு வயதுப் பிள்ளையின் மேலில் கொதிதண்ணீர் ஊற்றுப்படுகிறது. அவள் கத்துவதைக் கேட்டு சைக்கிளில் போன அயல்வீட்டுப் பொடியன் ஓடிவந்து, புண்ணுக்கு மேல் முட்டையை உடைத்து ஊற்றுகிறான். இரண்டு பேருக்கும் டொக்டராகும் ஆசை. பிறகு நூலகம் எரிகிறது, 83 கலவரம் வருகிறது. அந்தப் பொடியனும் சசியின் அண்ணன்மாரும் இயக்கத்துக்குப் போகிறார்கள். சசி இயக்கத்தின் வைத்தியசாலையில் காயக்காரருக்கு மருந்து கட்டுகிறாள். அதே கையால், இயக்கமும் இராணுவமும் இந்தியப் படையும் சனத்துக்குச் செய்ததை இரகசியமாக எழுதியும் வைக்கிறாள். சின்ன வயசுச் சிநேகிதன் ஒரு பக்கம், கண்ணால் கண்ட உண்மை மறுபக்கம். மிச்சத்தைச் சொல்லமாட்டேன்.

நாவலில் வரும் பேராசிரியை, ராஜினி திரணகமவை நினைத்து எழுதப்பட்டவர். யாழ் பல்கலைக்கழக உடற்கூற்றியல் துறைத் தலைவர், 'முறிந்த பனை' எழுதிய நால்வரில் ஒருவர். எல்லாத் துப்பாக்கியையும் கேள்வி கேட்டவர். 1989 செப்டெம்பர் 21 அன்று சைக்கிளில் வீடு திரும்பும்போது சுடப்பட்டார். அதற்குப் பதின்மூன்று மாதம் கழித்துத்தான் எங்கள் முறை.

அதற்கும் முன்பு, 1986இல், டெலோ பொடியன்களை இதே தெருக்களில் பட்டப்பகலில் கொன்றார்கள். அவர்களும் தமிழ்ப் பிள்ளைகள்தான். பார்த்த சனம் வீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டது. சொந்தப் பிள்ளைக்கே வாய் திறக்கப் பயந்த ஊர், நாலு வருடத்தில் எங்களுக்காகத் திறக்குமா? நாவலில் அந்தப் பயம் வீடு வீடாக நுழைவதைப் பார்க்கலாம்.

இதைச் சொன்னால் "சேர், அவங்களுக்கு வக்காலத்து வாங்குறீங்களா" என்று கொமெண்டில் வருவீர்கள், தெரியும். காரணத்தை விளங்கிக்கொள்வது வேறு, கணக்கைத் தீர்ப்பது வேறு. 2002இல் கிளிநொச்சியில் பாலசிங்கம் அதை அரசியல் தவறு என்றார். இழந்த வீடும் கடையும் அந்த ஒரு சொல்லால் திரும்பி வரவில்லை. அழுதபடி வழியனுப்பிய அயலவரும் இருந்தார்கள், நாங்கள் போன பிறகு கதவு நிலையைக் கழற்றியவர்களும் இருந்தார்கள்.

ஒன்றையும் சொல்லவேண்டும். இது எங்கட கதை இல்லை, எண்பதுகளின் ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. வண்ணார்பண்ணையில் 1911இல் பிறந்த ஏ. எம். ஏ. அஸீஸ் வைத்தீஸ்வராவிலும் யாழ் இந்துக் கல்லூரியிலும் படித்து, நாட்டின் முதல் முஸ்லிம் சிவில் சேவை அதிகாரியானவர். அவர் இருந்த வாங்கில் பக்கத்தில் இருந்தது யார்? அந்த நாவலை எங்களில் ஒருவர்தான் எழுதவேண்டும்.

ஏ.எல். பிள்ளைகள் அகராதி வைத்துக்கொண்டு தாராளமாக வாசிக்கலாம். சில இடங்கள் கடுமையானவை, ஆகவே உம்மா வாப்பாமார் முதலில் வாசித்துவிட்டுக் கொடுங்கள். என்னிடம் ஒரு பிரதி இருக்கிறது. கேட்பவருக்கு இரண்டு கிழமைக்குத் தருவேன், மூலை மடிக்காமல் திருப்பித் தரவேண்டும்.