சான்றிதழ் இல்லாமல் வந்த பிள்ளைகள்

இந்த மலருக்கு நான் எல்லைப் போராட்டத்தைப் பற்றித்தான் எழுதுவேன் என்று சங்கத்து நண்பர்கள் நினைத்திருந்தார்கள். 1953இல் ஆந்திரம் பிரிந்ததும், 1960இல் திருத்தணி தமிழ்நாட்டுக்குப் போனதும், சித்தூர் இங்கேயே நின்றுவிட்டதும் நாம் பலமுறை பேசித் தீர்த்த கதை. இந்த முறை எல்லைக்கு அந்தப் பக்கத்துக் கதை ஒன்று. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானபோது சூளூர்ப்பேட்டையும் தடாவும் நம்மோடு சேர்ந்தன. தடாவைத் தாண்டினால் ஆரம்பாக்கம், அப்புறம் கும்மிடிப்பூண்டி. அங்கே ஈழத்தமிழர் முகாம் ஒன்று இருக்கிறது. 'நமக்கும் அதற்கும் என்னங்க சம்பந்தம்?' என்று கேட்பவர்களுக்கு, தூரத்தை வைத்தே பதில் சொல்லிவிடலாம்.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் படகேறியவர்கள் இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாகப் பல மாவட்டங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். 2021இல் தமிழக முதல்வர் சட்டமன்றத்தில் சொன்ன கணக்குப்படி, 1983 முதல் வந்தவர்கள் 3,04,269 பேர். அப்போது 108 முகாம்களில் மிஞ்சியிருந்தவர்கள் 58,822 பேர்.

உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு படகேறும் தாய், பிள்ளையின் மாற்றுச் சான்றிதழை எங்கே தேடுவாள்? பள்ளிக்கூடத்திலோ முதலில் கேட்பதே அதைத்தான். காகிதம் இல்லாவிட்டாலும் சேர்த்துக்கொள்ளலாம் என்று எண்பதுகளில் தமிழக அரசு இறங்கிவந்தது. சோறும் கூரையும் கொடுத்ததைவிட இதையே நான் பெரிய காரியமாக நினைக்கிறேன்.

சேர்ந்த பிறகும் சிக்கல் தீரவில்லை. தமிழ்தானே என்று நாம் சொல்லிவிடலாம். ஆனால் அவர்கள் பௌதிகவியல் என்று படித்ததை இங்கே இயற்பியல் என்றார்கள். இரசாயனவியல் இங்கே வேதியியல். அங்கே உயர்தரம் என்பது இங்கே பிளஸ் டூ. வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்குமாக வளரும் நம் சித்தூர்ப் பிள்ளைகளுக்கு இந்தத் தடுமாற்றம் தெரியாததல்ல. தந்தை செல்வாவின் மகன் சந்திரகாசன் 1984இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், முகாம்களுக்குள்ளேயே மாலை வகுப்புகளை நடத்தியது. சொல்லிக்கொடுத்தவர்களும் அகதிகளே. தானும் வீடிழந்து வந்த ஒருவர் எதிரே உட்கார்ந்து கணக்குப் போடும்போது, அந்தப் பிள்ளை ஏன் பேசாமல் இருக்கிறது என்று அவருக்கு விளக்கவேண்டியதில்லை பாருங்கள்.

1991 மே 21இல் திருப்பெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அதன்பின் அகதி மாணவர்களுக்கான கல்விச் சலுகைகள் நின்றன. கல்லூரிக் கதவு மூடியது. தொண்டு நிறுவனங்கள் முகாமுக்குள் போக முடியவில்லை. யாரோ செய்த கொலைக்குப் பதினேழு வயதுப் பிள்ளை படிப்பை இழந்தது நியாயமென்று அன்று பலர் பேசினார்கள், தமிழர்களே பேசினார்கள். 1996இல் ஆட்சி மாறிய பிறகுதான் இடங்கள் மறுபடி கிடைத்தன. 2021 ஆகஸ்டில் அறிவித்த திட்டத்தில் உதவித்தொகையும் கூடியது: கலை, அறிவியல் மாணவருக்கு ஆண்டுக்கு 3,000 ரூபாயாக இருந்தது 12,000 ஆயிற்று.

எண்பதுகளில் சலுகையாகக் கிடைத்தது இன்று சட்டமாகவே இருக்கிறது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுவரை உள்ள ஒவ்வொரு குழந்தையையும் குறிக்கிறது. குடிமகன் என்று சொல்லவில்லை. வயதுச் சான்று இல்லையென்று சேர்க்கையை மறுக்கக் கூடாது. பள்ளி மாறும்போது மாற்றுச் சான்றிதழ் தாமதமானாலும் அப்படியே. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போன பாடத்துக்குத் தனிப்பயிற்சி தரவேண்டும். இது ஆந்திரத்துக்கும் பொருந்தும். செங்கல் சூளை வேலைக்கு வரும் குடும்பத்துப் பிள்ளையை யாராவது திருப்பி அனுப்பினால், நம்மவர்கள் இந்தச் சட்டத்தை எடுத்துக் காட்டலாம்.

பதினான்கு வயதுக்கு மேலேதான் பாதை குறுகுகிறது. மருத்துவம் படிக்க ஆசைப்படுகிறவர்கள், நீட் விண்ணப்பம் குடியுரிமை கேட்கும் இடத்தில் நின்றுவிடுகிறார்கள். 1987 ஜூலை 1 முதல், இந்த மண்ணில் பிறந்தால் மட்டும் குடியுரிமை இல்லை. 2019இல் வந்த திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றையும் சொல்லிற்று, இலங்கையைச் சொல்லவில்லை. ஆகவே முகாமில் பிறந்து, அரசுப் பள்ளியில் படித்து, பொறியியல் பட்டமும் வாங்கிய இளைஞர்களில் பலர் இன்றும் கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிக்கத்தான் போகிறார்கள்.