கல்லில் நிற்கும் ஊர், சொல்லில் நிற்கும் ஊர்
தென் பிரான்சின் சிற்றூர்களும் ஒக்சித்தான் மொழியும்

தென் பிரான்சின் நாட்டுப்புறச் சாலைகளில் செல்வோர், பல ஊர்களின் எல்லையில் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு பெயர்ப்பலகைகளைக் காணலாம். மேற்பலகை 'வில்ஃபிராஞ்ச்' என்றால், கீழ்ப்பலகை 'விலாஃபிராங்கா' என்னும். முன்னது பிரெஞ்சு, பின்னது ஒக்சித்தான். பயணியர் பலர் கீழ்ப்பலகையை ஓர் அழகுப் பொருளாகக் கருதிக் கடந்துவிடுவர். மொழியாய்விலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த நம்மால் அவ்வாறு கடக்க இயலவில்லை. பணி ஓய்வுக்குப் பின் அப்பகுதியின் சிற்றூர்களில் நடந்து திரிந்தபோது நம் உள்ளத்தில் ஒரு வினா எழுந்தது. எழுநூறு ஆண்டுப் பழமையுடைய மண்டபங்களையும் மதில்களையும் இத்துணைச் சிறப்பாகக் காத்துவரும் ஊர்களில், அவற்றைக் கட்டியோர் பேசிய மொழி ஏன் பேச்சிலிருந்து மறைந்தது? இவ்வுரையில் நாம் ஆராய முற்படுவது அதனையே.

'ஆம்' என்னும் சொல்லால் பெயர்பெற்ற நாடு

இலத்தீனிலிருந்து கிளைத்த மொழிகளை, 'ஆம்' என்பதற்கு அவற்றில் வழங்கும் சொல்லைக் கொண்டே இத்தாலியப் புலவர் தாந்தே வகைப்படுத்தினார். இத்தாலியர் 'சி' என்றனர். வட பிரான்சினர் 'ஒயில்' என்றனர். தென்பகுதியினர் 'ஒக்' என்றனர். 'ஒயில்' என்பதே பின்னர் இன்றைய பிரெஞ்சின் 'உய்' ஆயிற்று. 'ஒக்' என்பதிலிருந்து ஒக்சித்தான் என்னும் மொழிப்பெயரும், 'ஒக் மொழி' எனப் பொருள்படும் லாங்தொக் என்னும் நாட்டுப்பெயரும் தோன்றின. ஒக்சித்தான், பிரெஞ்சின் சிதைந்த வடிவம் அன்று; இலத்தீனின் வழிவந்த தனிமொழி. பன்னிரண்டாம் நூற்றாண்டில் துரூபதூர் எனப்பட்ட பாடகர்கள் இதில் இயற்றிய காதற்பாடல்கள் ஐரோப்பிய அரசவைகள் பலவற்றில் போற்றப்பட்டன. 1323இல் துலூஸ் நகரத்தார் எழுவர் ஒரு கவியரங்கை நிறுவினர். அவ்வரங்கின் சார்பில் இம்மொழிக்கு இலக்கண நூலும் செய்யப்பட்டது.

ஊர்ப்பெயர்கள் உரைக்கும் வரலாறு

இம்மொழியின் தனித்தன்மையை அறிய ஏடுகளைப் புரட்ட வேண்டியதில்லை, ஊர்ப்பெயர்களே போதும். உரோமர் காலத்தில் அவுரேலியுஸ் என்பவரது பண்ணை 'அவுரேலியாக்கும்' எனப்பட்டது. இப்பெயர் தெற்கே இறுதிக் ககர ஒலியைக் காத்து 'ஓரியாக்' என்றாயிற்று. வடக்கே அவ்வொலி தேய்ந்து 'ஓர்லி' என்றாயிற்று. பாரிசின் ஓர்லி வானூர்தி நிலையமும் தெற்கு மலைநாட்டின் ஓரியாக் நகரமும் பெயரளவில் உடன்பிறப்புகள். ஃபிழாக், முவாசாக் என 'ஆக்' என்று முடியும் ஊர்கள் தெற்கே நிறைந்திருப்பதற்கும் இவ்வொலி வேறுபாடே காரணம்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் புதிய வகை ஊர்கள் தோன்றின. 'கட்டுதல்' எனப் பொருள்படும் 'பஸ்தீர்' என்னும் வினையடியாக அவற்றுக்கு 'பஸ்தீதா' என்று பெயர் வந்தது. நேர்கோட்டுத் தெருக்கள், நடுவே சந்தைச் சதுக்கம், அதனைச் சூழ்ந்து வளைவுகளோடு கூடிய நடைமண்டபங்கள் என்பது அவற்றின் அமைப்பு. இத்தகைய ஊர்கள் சில நூறு எழுந்தன. குடியேற வருவோர்க்கு மனையும் சலுகையும் அளிப்பதாக நிறுவியோர் அறிவித்தனர். அவ்வறிவிப்பை ஊர்ப்பெயரிலேயே காணலாம். 1252இல் நிறுவப்பட்ட வில்ஃபிராஞ்ச் 'கட்டற்ற ஊர்'. 1281இல் தோன்றிய சோவ்தேர் 'காப்புடைய நிலம்'. கிரனாட், கொலோன், ஃபுளோரான்ஸ் எனப் புகழ்பெற்ற அயல்நகரங்களின் பெயர்களைத் தாங்கிய சிற்றூர்களும் உண்டு. உழவரை ஈர்ப்பதற்குப் பெருநகரின் பெயர் அன்றும் பயன்பட்டது போலும்.

ஊரைக் கடந்து வயல்வெளிக்குச் சென்றாலும் சொற்கள் நம்மைத் தொடர்கின்றன. சுண்ணாம்புப் பாறை நிலத்தை உழவுக்குப் பண்படுத்திய உழவர், பொறுக்கிய கற்களைச் சாந்தின்றி அடுக்கிக் குடில்கள் அமைத்தனர். அவற்றை லாங்தொக்கில் 'கப்பித்தெல்' என்பர். கெர்சிப் பகுதியில் 'கசெல்' என்பர். புரோவான்சில் 'போரி' என்பர். அதே 'போரி' ரூவேர்க் பகுதியில் பண்ணையைக் குறிக்கும். மாட்டுத் தொழுவத்தைச் சுட்டிய இலத்தீன் சொல் அதன் மூலம். ஒரே வகைக் குடிலின் பெயர் எங்கெங்கு மாறுகின்றது எனக் கோடிட்டால், கிளைமொழி வரைபடம் ஒன்று கிடைத்துவிடும்.

விசாரணை ஏட்டில் வாழும் ஊர்

சிற்றூர் மக்களின் பேச்சு பொதுவாக வரலாற்றில் பதிவாவதில்லை. இதற்கு அரியதொரு விலக்கு, பிரனே மலையில் ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரத்திலுள்ள மோந்தாயூ என்னும் ஊர்.

கத்தார் எனப்பட்ட மாற்றுச் சமயத்தாரை ஒடுக்க 1209இல் தொடங்கிய சிலுவைப்போர் தெற்கைச் சூறையாடியது. 1244இல் மோன்செகூர்க் கோட்டை வீழ்ந்தபோது இருநூறு பேர் அளவில் எரிக்கப்பட்டனர். 1271இல் துலூஸ் சிற்றரசு முழுமையாகப் பிரெஞ்சு முடியின்கீழ் வந்தது. எனினும் அச்சமயம் மலையூர்களில் மறைவாக உயிர்த்திருந்தது. 1318 முதல் 1325 வரை பாமியே ஆயர் ழாக் ஃபூர்னியே நடத்திய விசாரணையில் மோந்தாயூ மக்கள் பலர் நிறுத்தப்பட்டனர். அவர் பின்னாளில் பன்னிரண்டாம் பெனடிக்ட் என்னும் பெயரில் திருத்தந்தை ஆனவர்.

ஆடு மேய்ப்போரும் இல்லத்தரசியரும் ஒக்சித்தானில் விடையிறுத்தனர். எழுத்தர் அதனை இலத்தீனில் வடித்தார். பின்னர் அவ்வேடு அவர்கள் மொழியிலேயே அவர்களுக்குப் படித்துக் காட்டப்பட்டது. வத்திக்கான் நூலகத்தில் எஞ்சிய அவ்வேட்டினைக் கொண்டு, வரலாற்றறிஞர் எம்மானுவேல் லெ ரூவா லாதுரி 1975இல் மோந்தாயூ பற்றிய தம் புகழ்பெற்ற நூலை எழுதினார். அடுப்பங்கரைப் பேச்சு, பேன் பார்த்தல், மேய்ச்சல் வழிகள், காதல், மரண அச்சம் ஆகிய யாவும் அதில் உயிர்பெற்றன. அம்மக்களின் உலகிற்கு மையமாக லாதுரி காண்பது 'ஒஸ்தால்' என்னும் சொல். அது கட்டடத்தையும் குறிக்கும். அதில் வாழும் குடும்பத்தையும் குறிக்கும். நம் 'குடி' என்னும் சொல்லை அறிந்தோர்க்கு இவ்விருபொருள் எளிதில் விளங்கும்.

இங்கே ஒரு முரணை நாம் உணர்கின்றோம். அம்மக்களின் சொற்களை நமக்குக் காத்துத் தந்தவர், அவர்களைத் தண்டிக்க முனைந்தவரே. அவர்கள் வாய்மொழியோ பெரும்பாலும் வேற்றுமொழியின் போர்வைக்குள்தான் நமக்குக் கிடைக்கின்றது.

பள்ளி கற்பித்த வெட்கம்

ஆட்சி மாறியவுடன் மொழி மறைந்துவிடவில்லை. 1539இல் வில்லெர்-கொத்ரே ஆணை, நீதிமன்ற ஆவணங்கள் பிரெஞ்சில் அமைய வேண்டும் என்றது. ஆவணம் மாறிற்று, வயலும் சந்தையும் மாறவில்லை. 1794இல் கிரெகுவார் பாதிரியார் புரட்சி அரசின் பேரவையில் அளித்த அறிக்கை, அறுபது இலட்சம் மக்கள் பிரெஞ்சு அறியாதவர் என்றும் அதனைச் செவ்வனே பேசுவோர் முப்பது இலட்சத்தைத் தாண்டார் என்றும் கணித்தது. வட்டார மொழிகளை ஒழிப்பதே அவ்வறிக்கையின் நோக்கம்.

அந்நோக்கத்தை நிறைவேற்றும் வழி 1881, 1882ஆம் ஆண்டுகளின் கல்விச் சட்டங்களுக்குப் பின் வலுவடைந்தது. இலவசக் கட்டாயக் கல்வி உழவர் பிள்ளைகளுக்கு உயர்வளித்தது என்பதை மறுத்தற்கில்லை. ஆயினும் அக்கல்வி பிரெஞ்சில் மட்டுமே அமைந்தது. பல பள்ளிகளில், ஒக்சித்தான் பேசி அகப்பட்ட பிள்ளையிடம் ஒரு மரத்துண்டோ வேறு பொருளோ தரப்பட்டது. இன்னொரு பிள்ளை அவ்வாறு பேசக் கேட்டால் அதனிடம் அப்பொருளைத் தள்ளிவிடலாம். மாலையில் யார் கையில் அது உள்ளதோ அப்பிள்ளைக்குத் தண்டனை. தாய்மொழிக்காகத் தோழரையே காட்டிக்கொடுக்கப் பழக்கிய முறை அது. அதன் விளைவை ஒக்சித்தானியர் ஒரே சொல்லால் குறிப்பர்: 'வெர்கோன்யா', அதாவது வெட்கம்.

சோவ்தேர் சதுக்கத்தின் வளைவு மண்டபத்தில் முதிய உழவர் ஒருவரோடு உரையாடும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. தம் பெற்றோர் தமக்குள் ஒக்சித்தானில் பேசினர், எருதுகளிடமும் அதிலேயே பேசினர், பிள்ளைகளின் பக்கம் திரும்பும்போது மட்டும் பிரெஞ்சுக்கு மாறினர் என்றார் அவர். அவர் குரலில் சினமில்லை. நாங்கள் நன்றாக வாழ வேண்டும் என்றுதான் அப்படிச் செய்தார்கள் என்று அமைதியாக முடித்தார். சட்டத்தால் ஆகாததை வெட்கம் செய்தது. வெட்கம் தொடங்கியதை அன்பு முடித்துவைத்தது.

எஞ்சியிருப்பது

எதிர்த்து நின்றோரும் உளர். மாயான் என்னும் சிற்றூரில் பிறந்த ஃபிரெடெரிக் மிஸ்த்ரால் 1854இல் நண்பர் அறுவரோடு 'ஃபெலிபிரிஜ்' இயக்கத்தைத் தொடங்கினார், பேரகராதி தொகுத்தார், 1904இல் நோபெல் பரிசும் பெற்றார். அப்பரிசுத் தொகையை ஆர்ல் நகரில் தாம் நிறுவிய நாட்டுப்புற அருங்காட்சியகத்திற்கே செலவிட்டார். 1951இல் ஒரு சட்டம் பள்ளியில் ஒக்சித்தான் கற்பிக்க இடமளித்தது. 1979இல் போ நகரில் 'கலாந்த்ரேத்தா' எனப்படும் முதல் ஒக்சித்தான் வழிப் பள்ளி தோன்றியது. 'சிறு வானம்பாடி' என்பது அதன் பொருள். வட்டார மொழிகள் நாட்டின் மரபுச்செல்வம் என 2008இல் அரசியலமைப்பும் ஏற்றது. எனினும் அத்தகைய முழு அமிழ்வுக் கல்வி அரசியலமைப்புக்கு முரணானது என 2021இல் அரசியலமைப்பு மன்றம் தீர்ப்பளித்தது. மரபுச்செல்வம் என்று போற்றுவது வேறு, வாழ இடமளிப்பது வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இதற்கிடையே ஊர்களும் வெறுமையாயின. லோசேர் மாவட்டத்தின் மக்கள்தொகை பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இருந்ததில் இன்று ஏறத்தாழப் பாதியே. பெயர்ப்பலகையும் அகராதியும் அருங்காட்சியகமும் தேவையானவை. அவை இல்லையேல் இவ்வுரையே இல்லை. ஆனால் அவை காப்பவை சொற்களை. மொழியைக் காப்பது, பெரியோர் பிள்ளைகளின் பக்கம் திரும்பும் அந்தக் கணம்.

நம் நாட்டில் தமிழுக்குப் பலகையும் உண்டு, பள்ளியும் உண்டு. ஒக்சித்தானியர் ஏங்கிய பேறுகள் அவை. ஆயினும் சோவ்தேர் முதியவரின் சொற்கள் ஊர் திரும்பிய பின்னும் நம்மை விடவில்லை. பேரப்பிள்ளைகள் தொலைபேசியில் அழைக்கும்போது, அவர்களுக்கு எளிதாக இருக்கட்டும் என்று நாமே ஆங்கிலத்தில் தொடங்கிவிடுவதுண்டு. அதுவும் அன்பினால்தான். இப்போது அப்பழக்கத்தை மாற்றிக்கொண்டுள்ளோம். முதற்சொல்லைத் தமிழில் சொல்லி, மறுமுனையில் 'ஆம்' என்பதற்குப் பிள்ளைகள் எந்தச் சொல்லைத் தேர்கின்றனர் என்று காத்திருக்கின்றோம்.