பாடுவோர் படைப்போரான வரலாறு: இங்கிலாந்துப் பள்ளிகளில் மாணவர் இசையாக்கம்

ஆய்வுச் சுருக்கம்
இங்கிலாந்துப் பள்ளிகளில் இசைக்கல்வி என்பது நெடுங்காலம் சேர்ந்து பாடுதலையே குறித்தது. 1950களின் இறுதி தொடங்கி மாணவரே இசை இயற்றும் முறை வகுப்பறைக்குள் நுழைந்து, 1988இல் பொதுத்தேர்வின் கூறாயிற்று. இம்மாற்றத்தின் படிநிலைகளையும் அது எழுப்பிய சிக்கலையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பள்ளி இசைக்கல்வி, மாணவர் இசையாக்கம், மேக்ஸ்வெல் டேவிஸ், ஜான் பேய்ன்டர், மதிப்பீடு

முன்னுரை
மொழி வகுப்பில் மாணவர் கட்டுரை எழுதுகின்றனர். ஓவிய வகுப்பில் படம் வரைகின்றனர். இசை வகுப்பில் மட்டும் பிறர் ஆக்கியவற்றைப் பாடுவதும் கேட்பதுமே போதுமெனக் கொள்ளப்பட்டது. இசை இயற்றுதல் அருந்திறலார்க்கே உரியது என்னும் கருத்து இதற்கு அடிப்படையாகும். இக்கருத்து வகுப்பறையில் தளர்ந்த விதம் கல்வி வரலாற்றில் கருதத்தக்கது.

பாடும் வகுப்பு
19ஆம் நூற்றாண்டில் ஜான் கர்வென், நார்விச் நகர ஆசிரியை சாரா குளோவரின் முறையைத் தழுவி 'டானிக் சால்ஃபா' என்னும் பயிற்றுமுறையைப் பரப்பினார். நம் இசையில் ஆதார சட்சம் பாடுவோரின் குரலுக்கேற்ப அமைவது போல, இம்முறையிலும் 'டோ' என்னும் முதற்சுரம் எந்தச் சுருதியிலும் அமையும். கருவிகள் இன்றியே பெருந்திரளான பிள்ளைகளுக்குப் பாடக் கற்பிக்க இது வழிவகுத்தது. ஆயினும், இயற்றப்பட்டதைப் பிழையின்றிப் பாடுவதே இதன் எல்லையாக இருந்தது. 1968இல் வெளிவந்த பள்ளிகள் மன்ற ஆய்வில், பள்ளிப்படிப்பை முடித்து வெளியேறும் இளையோர் பலர் இசைப்பாடத்தைச் சலிப்பானதாகவும் பயனற்றதாகவும் கருதியமை வெளிப்பட்டது.

இயற்றும் வகுப்பு
பிள்ளைகளை மையமாகக் கொண்டு இசையாசிரியர்கள் படைக்கத் தொடங்கியமை முதற்படி எனலாம். பெஞ்சமின் பிரிட்டனின் 'நோய்ஸ் ஃப்ளட்' 1958இல் சஃபோக் மாவட்டத்தின் ஆர்ஃபர்டு தேவாலயத்தில் அரங்கேறியது. கயிற்றில் தொங்கவிட்ட கோப்பைகளைத் தட்டி எழுப்பும் ஒலியையும் அவர் அதில் பயன்படுத்தினார். எனினும் பிள்ளைகள் அங்கு நிகழ்த்துவோரே, இயற்றுவோர் அல்லர்.

அடுத்த படி சைரன்செஸ்டர் இலக்கணப் பள்ளியில் நிகழ்ந்தது. 1959 முதல் 1962 வரை அங்கு இசைத்துறைப் பொறுப்பேற்றிருந்த இளம் இசையாசிரியர் பீட்டர் மேக்ஸ்வெல் டேவிஸ், மாணவர்க்கெனத் தாம் இசை இயற்றியதோடு அவர்களையும் இயற்றவும் உடனுக்குடன் கற்பனையாக இசைக்கவும் தூண்டினார். 1960இல் அவர் இயற்றிய 'ஓ மேக்னம் மிஸ்டீரியம்' அப்பள்ளி மாணவர்க்காகவே எழுந்தது. மாணவரின் ஆற்றலுக்கேற்ப இசையை எளிதாக்கலாம், ஆனால் அதன் தரத்தைத் தாழ்த்த வேண்டியதில்லை என்பதை இப்பணி காட்டியது.

தனியொருவரின் முயற்சியை முறையாக வளர்த்தவர் ஜான் பேய்ன்டர். பீட்டர் ஆஸ்டனுடன் இணைந்து 1970இல் அவர் வெளியிட்ட 'சவுண்ட் அண்ட் சைலன்ஸ்' என்னும் நூல், சுரக்குறிப்பு கற்ற பின்பே இயற்ற வேண்டும் என்னும் வரிசையைத் தலைகீழாக்கியது. மாணவர் சிறு குழுக்களாக ஒலிகளைத் தேடித் தெரிந்து, அடுக்கி, இசைத்துக்காட்டி, பின்னர் விவாதிப்பர். விதிகள் அவ்விவாதத்திலிருந்தே பிறக்கும். கனடாவில் முர்ரே ஷேஃபர் 1965இலேயே இதையொத்த வகுப்பறை அனுபவங்களை நூலாக்கியிருந்தார். 1973இல் பேய்ன்டரின் தலைமையில் தொடங்கிய பள்ளிகள் மன்றத் திட்டம் இம்முறையை இடைநிலைப் பள்ளிகளுக்குக் கொண்டு சென்றது.

தேர்வும் படைப்பும்
1986இல் அறிமுகமாகி 1988இல் முதன்முறை நடத்தப்பட்ட பொதுச் சான்றிதழ்த் தேர்வில் கேட்டல், நிகழ்த்தல், இயற்றல் ஆகிய மூன்றும் இடம்பெற்றன. 1992இல் நடைமுறைக்கு வந்த தேசியப் பாடத்திட்டம் இயற்றலைத் தொடக்கநிலைப் பிள்ளைகளுக்கும் உரியதாக்கியது.

இவ்வெற்றியிலேயே ஒரு முரண் உண்டு. விதிகளை மாணவரே கண்டறிய வேண்டும் என்பது பேய்ன்டரின் நெறி. தேர்வோ முன்வகுத்த அளவுகோலை வேண்டுவது. மதிப்பெண் நோக்கி இயற்றும் மாணவர் பாதுகாப்பான வாய்பாட்டை நாடுதல் இயல்பு. குழுவாக ஆக்கிய படைப்பில் தனியொருவரின் பங்கை அளப்பதும் எளிதன்று. அதே வேளையில், தேர்வில் இடம்பெறாதிருப்பின் இயற்றல் ஆர்வமுள்ள ஓரிரு ஆசிரியரின் பள்ளியோடு நின்றிருக்கும் என்பதையும் மறுத்தற்கில்லை.

முடிவுரை
மேற்கண்ட வரலாற்றால் பெறப்படுவன இரண்டு. முதலாவது, மாணவர் இசையாக்கம் அருந்திறலாரைக் கண்டெடுக்கும் வழியாகவன்றி, எல்லாப் பிள்ளைக்கும் உரிய சிந்தனைப் பயிற்சியாகவே நிலைபெற்றது. இரண்டாவது, அது பாடத்திட்டத்தில் இடம்பெற்றமை தொடக்கமே. பிள்ளையின் படைப்பைப் பொறுமையோடு கேட்கும் ஆசிரியர் இருக்கும் அளவிற்கே அவ்விடம் பொருளுடையதாகும்.